வால்தம்ஸ்டோ பாடல் பெற்ற தலமான கதை

வால்தம்ஸ்டோ வரங்கொடுத்தீஸ்வரர் ஆலயத்தின் பாய்லர் பழுதான அன்றுதான், சைவ சமய வரலாற்றைத் திருத்துவதென்று அந்த ஆலயத்தின் நிர்வாக சபை முடிவெடுத்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பாய்லர் கூட்ட அறைக்குள் இருந்தது. அதைத் திருத்த வந்த சுபாஸ்கரன் இரண்டிலும் மாட்டிக்கொண்டார்.

சுபாஸ்கரனுக்கு ஐம்பத்து நாலு வயது. சுவிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, காஸ் வேலை படித்து, கிழக்கு லண்டனின் பாதிக் குளியலறைகளுக்கு வெந்நீர் வரச் செய்தவர். கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவார். நிர்வாக சபைப் பக்கம் போகமாட்டார். இப்போது போக வேண்டிய தேவை வந்திருந்தது. மகள் மயூராவுக்கு ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி கலியாணம். மாப்பிள்ளை ரவீன் மலேசியத் தமிழன். அவனுடைய தகப்பன் ஈப்போவிலிருந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார். கோயில் மண்டபத்துக்குக் கொடுத்த விண்ணப்பம் மட்டும் நாலு மாதமாக மண்டப உபகுழுவிடம் கிடந்தது. 'மணமகன் எந்த ஊர்' என்ற கட்டத்தில் ஈப்போ என்று எழுதியிருந்ததால், அந்த ஊரை யாழ்ப்பாணத்தின் எந்தத் தொகுதியில் சேர்ப்பதென்று உபகுழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

பாய்லரை இலவசமாகத் திருத்திக் கொடுத்தால் ஆராய்ச்சி விரைவடையலாம் என்று சுபாஸ்கரன் நினைத்தார். முழங்காலில் இருந்து மூடியைக் கழற்றும்போது, தலைவர் விஜயரத்தினம் பேசிக்கொண்டிருந்தார்.

விஜயரத்தினம் மூன்று பெற்றோல் நிலையங்களின் சொந்தக்காரர். பதினாறு வருடமாகத் தலைவர். அண்மையில் ஒன்பது நாளில் தமிழ்நாட்டில் நாற்பத்தொரு கோயில்களைத் தரிசித்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கட கோயிலுக்கு என்ன குறை?" என்றார். "தேர் இருக்குது. தேருக்கு இன்சூரன்ஸ் இருக்குது. கார் பார்க் இருக்குது. ஆனா அங்க ஒவ்வொரு கோயில் வாசலிலயும் ஒரு போர்ட் தொங்குது. 'பாடல் பெற்ற தலம்'. கூரை ஒழுகுது, லைட் இல்லை, செருப்பு வைக்க இடமில்லை, ஆனா போர்ட் இருக்குது! ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு அடியார் நடந்து வந்து பாடிப்போட்டுப் போயிருக்கிறார். எங்களை ஒருத்தரும் பாடேல்லை. ஏன் பாடேல்லை?"

"அப்ப இது கம்பளக் கிடங்கு" என்றார் ஒருவர்.

"அப்ப கிடங்கும் இல்லை. காடு. காட்டைப் பாடுறதுக்கென்ன?"

செயலாளர் நிசாந்தன் எழுந்தார். அவர் தயாரித்த தல புராணத்தின்படி இது வெறும் காடல்ல. வாலி தவம் செய்த தோப்பு. "வாலி, தவம், தோப்பு. வால்–தம்–தோ. வெள்ளைக்காரன்ர வாயில 'ஸ்டோ' ஆயிட்டுது. ஆதாரம் வேணுமெண்டால் இது காணும். பாட்டு ஒண்டுதான் இல்லை."

அந்தக் குறையைத் தீர்க்க வழி பிறந்திருந்தது. காலப் பயண அனுமதி அலுவலகம் என்ற ஒன்று இரண்டு வருடமாக ஸ்ட்ராட்போர்டில் இயங்கிவந்தது. பண்பாட்டு ஆய்வுக்காகச் சமூக அமைப்புகள் கடந்த காலத்துக்கு ஆள் அனுப்பலாம். பதினெட்டுப் பக்க விண்ணப்பம். 'கடந்த காலத்தை மாற்றும் நோக்கம் உண்டா' என்பது ஒன்பதாவது கேள்வி. நிசாந்தன் எழுதியிருந்தார்: 'இல்லை. திருத்தும் நோக்கம் மட்டுமே.' அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு கட்டுப்பாடு இருந்தது. வரலாற்றில் பெயர் பெற்றவர்களை அணுகக் கூடாது. ஆகவே பெயர் பெற்ற நாயன்மார் எவரையும் கேட்க முடியாது. சபையின் சட்ட ஆலோசகர் மெய்யப்பன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். அவர் சிங்கப்பூரில் பிறந்தவர், படிக்க வந்து லண்டனில் சட்டத்தரணியாக நிலைத்தவர். சபையின் சட்டப் புத்தகமான யாப்பிலிருந்து ஒரு விதி சொல்லாமல் அவரால் கதவைக்கூடத் திறக்க முடியாது.

"சோழ நாட்டுல நெல் அளந்த கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அதோட உடைஞ்ச மூலையில ஒரு அடியார் பேர். நடையறாதார். பாட்டு ஒண்ணுகூடக் கிடைக்கல. அறுபத்து மூணு பேர்லயும் இல்ல. நமக்கு ரொம்ப வசதி."

யார் போவது என்பதில்தான் சிக்கல். சபையில் ஏழு பேர். ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் தகுதியற்றவர்கள் என்பதற்குக் காரணம் வைத்திருந்தார்கள். நீங்களே போங்கள் என்று தலைவரைக் கேட்டார்கள்.

"நான் போற நேரம் பார்த்துத் தலைவரை மாத்திப்போடுவியள்."

"அங்க எவ்வளவு நாள் நிண்டாலும் இஞ்ச பத்து நிமிசம்தான் அண்ணை."

"பத்து நிமிசம் உங்களுக்குக் காணும்."

பிறகு ஏழு பேரின் பார்வையும் மெல்லக் கீழே இறங்கி, பாய்லரின் முன்னால் முழங்காலில் இருந்த மனிதரிடம் வந்து நின்றது.

"தம்பி, நீர் எந்தப் பக்கம்?" என்று விஜயரத்தினம் கேட்டார்.

"நான் பாய்லர்ப் பக்கம் அண்ணை."

ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். மண்டபம் பற்றி அவர் கேட்டபோது, "அதைப் பிறகு கதைப்பம், முதல்ல வரலாறு" என்றார்கள்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சுபாஸ்கரன் ஸ்ட்ராட்போர்ட் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி கிரிஜா லண்டனில் பிறந்த தமிழ்ப் பெண், மயூராவின் வயது. "அங்கிள், அங்கே எதையும் சாப்பிட வேண்டாம், எதையும் உறுதியளிக்க வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். வரலாறு மாறினால் பயணம் போனவரின் நினைவு மட்டும் பழையபடி இருக்கும், அதற்கு அலுவலகம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் பெட்டி போன்ற ஒன்றுக்குள் உட்காரவைத்துத் திரையை இழுத்தாள். திரை திறந்தபோது வெயில்.

நடையறாதார் குளக்கரையில் மருத மரத்தடியில் இருந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. காஸ் கம்பனியின் மேற்சட்டையோடு ஒருவன் வந்து நின்றது அவரை ஆச்சரியப்படுத்தவில்லை. நடந்து திரிபவர்கள் பலதையும் பார்த்திருப்பார்கள்.

"எவ்வூர் நீர்?"

"வால்தம்ஸ்டோ, ஐயா."

"எந்நாடு?"

"மழை நாடு. வருசம் முழுக்கப் பெய்யும்."

"புண்ணிய நாடு" என்றார் அடியார், வாயில் சோற்றோடு.

சுபாஸ்கரன் கோயிலின் படத்தைக் காட்டினார். அடியார் நெடுநேரம் பார்த்தார்.

"இது களஞ்சியமோ?"

"முந்தி களஞ்சியம்தான் ஐயா."

"என்ன வைத்திருந்தார்கள்?"

"கம்பளம்."

சுபாஸ்கரன் சபையின் கடிதத்தை வாசித்தார். பத்துப் பாட்டும் பலன் சொல்லும் பாட்டு ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் ஊரின் பெயர் வர வேண்டும். கார் பார்க் வசதி பொருத்தமான இடத்தில் குறிக்கப்பட வேண்டும். கடைசிப் பாட்டில் தலைவர் விஜயரத்தினத்தின் பெயர்.

அடியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "தளை தட்டும்" என்றார். பிறகு இலையை எடுத்து மடித்தார். "காணாமலே பாடிய பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்த அருள் இல்லை. கால் பட்ட மண்ணையே பாடுவேன். அழைத்துப் போனால் வருகிறேன். மழை நாட்டையும் பார்த்ததாகும்."

அதற்காக மூன்று அவசரக் கூட்டங்கள் நடந்தன. முதலாவதில் அழைப்பது என்று தீர்மானம். இரண்டாவதில் யார் பெயரில் அழைப்பது என்று சண்டை. மூன்றாவதில் அடியாரை வரவேற்க ஒரு உபகுழு, அதைக் கண்காணிக்க இன்னொரு உபகுழு.

விசா நேர்காணலுக்கு சுபாஸ்கரனும் நிசாந்தனும் போனார்கள். கிரிஜா கணினியைப் பார்த்தபடி கேட்டாள்.

"இவர் தன் நூற்றாண்டுக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"பிள்ளை, அவர் அங்க செத்துப்போனவர்" என்றார் நிசாந்தன்.

"அதற்குச் சான்றிதழ் இருக்கா அங்கிள்?"

"கல்வெட்டு இருக்குது."

"அதில் இறந்த திகதி இருக்கா?"

"மூலை உடைஞ்சுபோச்சு."

கிரிஜா 'தெரியாது' என்ற கட்டத்தில் குறியிட்டாள். கடைசியில் அடியாருக்கு ஒரு சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை நாலு வரை, சம்பளம் பெறாத சமயப் பார்வையாளர் என்று அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை மழை. வேட்டியும் வெறும் மேலுமாக வந்திறங்கிய நடையறாதார் அண்ணாந்து முகத்தில் மழையை ஏந்திச் சிரித்தார். ஐந்து நிமிடத்தில் பற்கள் கிட்டின. சுபாஸ்கரன் மேற்சட்டையைக் கழற்றிப் போர்த்து, ஒரு டாக்சியில் ஏற்றி, கோயில் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

வாசலிலேயே நிறுத்தினார்கள். நிறைகுடம் வைக்கப்பட்டது. மேளம் வாசிக்கப்பட்டது. விளக்கேற்ற அழைக்கப்பட்டவர்கள் பதினாலு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகம் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பதினொருவர் பொன்னாடை போர்த்தினார்கள். குளிருக்கு இதமாக இருந்ததால் அடியார் இதை மட்டும் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். பிறகு வரவேற்புரை. அதற்குப் பிறகு தலைமையுரை.

"நடையறாதார் அவர்கள் எத்தினையோ ஊர் நடந்தவர்" என்றார் விஜயரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தபடி. "நானும் நடந்தவன்தான். தொண்ணூறாம் ஆண்டு ஒரு பெற்றோல் நிலையத்தில பம்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இண்டைக்கு எனக்கு மூண்டு. அவர் கடவுளைத் தேடி நடந்தார். நான் நடந்தன், கடவுளுக்கு ஒரு இடம் எடுத்துக் குடுத்தன். ஆர் பெரியவர் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

கைதட்டினார்கள். ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

"சோறு எப்போது?" என்று அடியார் சுபாஸ்கரனிடம் மெல்லக் கேட்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பேச்சு முடிய, ஐயா. மூண்டு மணிக்கு அன்னதானம்."

"பெருமானைப் பார்க்கலாமா?"

அதைக் கேட்கப் போனபோது மெய்யப்பன் யாப்பைத் திறந்தார். சந்நிதியில் பாடுகிறவர் பதினேழாம் விதியின்படி இசை உபகுழுவின் குரல் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேர்வு மாசி மாதம் முடிந்துவிட்டது.

"அவரைப் பாடத்தானே கூப்பிட்டது?" என்றார் சுபாஸ்கரன்.

"கூப்பிட்டது சரி. பாட அனுமதிச்சது யாரு? மினிட்ஸ்ல காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்."

மினிட்ஸ் புத்தகம் எடுத்து வரப்பட்டது. சுபாஸ்கரன் திரும்பிப் பார்த்தபோது அடியாரின் கதிரையில் பதினொரு பொன்னாடைகளும் தன் மேற்சட்டையும் மட்டும் இருந்தன. சமையலறைக்குப் பக்கத்து அவசர வழி திறந்து கிடந்தது.

கோயிலுக்குப் பக்கத்து வளவு ஒரு டயர்க் கடை. மேரிறோஸ் என்ற மன்னார்ப் பெண் நடத்துவது. நாற்பத்தைந்து வயது, நீல ஓவரோல், தோளில் எண்ணெய்த் துணி. சுபாஸ்கரன் ஓடிப் போனபோது, நடையறாதார் அங்கே அடுக்கிய பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து, வீங்கிய கால்களை மின்னடுப்பின் முன் நீட்டியிருந்தார். கையில் தேநீர். மடியில் பாணும் கட்டைச் சம்பலும்.

"அண்ணை, இந்த ஐயா உங்கட ஆளா?" என்றாள் மேரிறோஸ். "மழைக்குள்ள சட்டையும் இல்லாமல் வந்து நிண்டார். என்னவோ செந்தமிழில கதைக்கிறார். பசிக்குது எண்டது மட்டும் விளங்கினது."

அடியார் சம்பலின் உறைப்பில் மூக்கை உறிஞ்சினார். கண்ணீர் வழிந்தது. கடைசித் துண்டு பாணையும் துடைத்துச் சாப்பிட்டார். கண்ணை மூடினார். பாடினார்.

கருவட்டம் மேலடுக்கிக் கால்நீட்டி இருக்க
ஒருவட்டில் இலைவெந்நீர் உவந்தளிப்பாள் ஊரே

என்று தொடங்கியது அது. ஊரின் பெயர் அவர் வாயில் வளந்தஞ்சோலை ஆகியிருந்தது. பதினொரு பாட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நன்றியுரை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்ததால் சபையார் எவருக்கும் இது கேட்கவில்லை. ஒருவன் பஞ்சரான சில்லோடு வந்து, பாட்டு முடியும் வரை அதைப் பிடித்தபடியே நின்றான். சுபாஸ்கரனுக்கு மயிர் சிலிர்த்தது. நாற்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிறார். இப்படி ஒரு நாளும் நேர்ந்ததில்லை.

நாலு மணிக்கு அடியாரை அவருடைய நூற்றாண்டில் விட்டுவிட்டுத் திரும்பினார். பத்து நிமிடம். வால்தம்ஸ்டோவில் ரயிலை விட்டு இறங்கியபோதே ஏதோ நடந்துவிட்டது தெரிந்தது. நிலையப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் 'வளந்தஞ்சோலை' என்றிருந்தது. வெளியே வெறுங்காலோடு கூட்டம் கூட்டமாகச் சனம். எல்லோருடைய நெற்றியிலும் திருநீற்றுக்குக் கீழே ஒரு சிறு கரிப்பொட்டு. எல்லோரும் ஒரே திசையில் போனார்கள். மேரிறோஸின் டயர்க் கடைக்கு.

சுபாஸ்கரன் எதிர்த் திசையில், வீட்டுக்கு ஓடினார். மனைவி இருப்பாளா, மகள் பிறந்திருப்பாளா என்ற நினைப்பில் திறப்பைத் தலைகீழாகப் பிடித்தார். திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. கதவைத் திறந்தது நாகேஸ்வரிதான். அதே நாகேஸ்வரி, அதே பள்ளிக்கூடச் சமையலறைச் சீருடை. நெற்றியில் கரிப்பொட்டு. கதவுக்கு மேலே மாவிலைக்குப் பதில் ஒரு சிறு கறுப்பு வளையம் தொங்கியது.

"இது என்னப்பா?"

"என்ன விசர்க் கதை? கருவட்டம். அது இல்லாமல் ஆர் வீட்டுக்குள்ள போவினம்?"

அன்று பின்னேரம் முழுவதும் சுபாஸ்கரன் மகளின் கணினியில் உலகத்தை மறுபடி படித்தார். நடையறாதார் பதிகம் ஆயிரத்து முந்நூறு வருடமாகப் பாடப்பட்டுவந்தது. கருவட்டம் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாததால் அதற்கு உரை எழுதியவர்கள் மட்டும் எண்பது பேர். காலச்சக்கரம் என்றது ஒரு கட்சி. பிறவிச் சுழல் என்றது மற்றது. இரண்டு கட்சியும் முந்நூறு வருடம் ஒன்றின் கோயிலில் மற்றது தண்ணீர் குடிக்கவில்லை. சிவன் கோயில் ஒவ்வொன்றின் வடக்கு வீதியிலும் கருங்கல் வளையங்களை அடுக்கிவைத்தார்கள். கலியாணத்தில் மணமகள் அம்மியை மிதிப்பதில்லை, வட்டத்தை மிதித்தாள். மோட்டார் வண்டி முதன்முதலில் யாழ்ப்பாணத்தில் இறங்கிய அன்று, அதன் சில்லுகளைக் கண்டு சனம் வீதியில் விழுந்து கும்பிட்டது. ஐம்பதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த ஒரு மாணவன் வால்தம்ஸ்டோவில் ஒரு டயர்க் கடையைக் கண்டு மயங்கி விழுந்தான். தலம் அடையாளம் காணப்பட்டது.

ரவீன் மாறவில்லை. ஈப்போவும் மாறவில்லை. கலியாணத் திகதியும் அதேதான்.

"அப்பா" என்றாள் மயூரா. கண் சிவந்திருந்தது. "கோயில் மண்டபத்திலயிருந்து ஈமெயில் வந்தது. பாடல் பெற்ற தலத்துக்குப் பக்கத்து மண்டபம் எண்டு உலகம் முழுக்கப் புக்கிங்காம். எங்களுக்கு ரெண்டாயிரத்து நாற்பத்தொண்டில தருவினமாம். எனக்கு அப்ப நாற்பத்து மூண்டு வயசு."

தான் திருத்தப் போன வரலாறு தன் மகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று சுபாஸ்கரனுக்கு விளங்கியது. மறுநாள் நேரே நிர்வாக சபைக்குப் போனார்.

உலகம் முழுக்க மாறியிருந்தது. நிர்வாக சபை மாறியிருக்கவில்லை. அதே அறை, அதே ஏழு பேர், அதே நாற்காலிகள். பாய்லர் அப்போதும் வேலை செய்யவில்லை. மெய்யப்பன் யாப்பு வாசித்துக்கொண்டிருந்தார். விஜயரத்தினம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு பாட்டு! கடவுளைப் பாடியிருக்கிறார். கருவட்டத்தைப் பாடியிருக்கிறார். தேத்தண்ணியைப் பாடியிருக்கிறார். ஒரு இடத்தில, ஒரேயொரு இடத்திலயாவது, நிர்வாகம் எண்ட சொல் இருக்குதா? கோயில் நடத்துறவனைப் பாடேல்லை! ஆயிரத்து முந்நூறு வருசமா எங்களுக்கு அநியாயம் நடந்திருக்குது. கடவுள் இருந்தாப்போலக் கோயில் நடக்குமே? ஆர் மண்டபத்தைப் பூட்டித் திறக்கிறது?"

அடியாரிடம் ஆள் அனுப்பிப் பன்னிரண்டாவது பாட்டொன்று வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பெயர் பெற்றவர்களை அணுகக் கூடாதென்ற விதிக்கு, பாடாத பாட்டால் அவர் இன்னும் பெயர் பெறவில்லை என்று மெய்யப்பன் வழி கண்டார். யார் போவது என்பதில் மறுபடியும் சண்டை வரப் பார்த்தது. சுபாஸ்கரன் தானே போவதாகச் சொன்னார்.

"ஆனால் எனக்கு மண்டபம் வேணும். ஓகஸ்ட் இருபத்திரண்டு. எழுத்தில தாங்கோ."

கடிதம் தந்தார்கள். அடியில் சிறிய எழுத்தில் 'உபகுழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது' என்றிருந்தது. சுபாஸ்கரன் கண்ணாடி கொண்டுவரவில்லை.

நடையறாதார் அதே குளத்தில் கால்களை நனைத்தபடி இருந்தார். இந்த முறை நாலைந்து சீடர்கள் சுற்றி இருந்தார்கள். ஒருவன் உளியோடு ஒரு கருங்கல்லை வட்டமாகச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"வாரும்! அந்தப் பெண் நலமா?" என்றார் அடியார்.

"நலம் ஐயா." சுபாஸ்கரனுக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. குளப்படியில் குந்திக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். மகள் அழுததைச் சொன்னார். மண்டபத்தைச் சொன்னார். சபையைப் பற்றி ஒரு பாட்டாவது இல்லாமல் திரும்ப முடியாது என்றார்.

"உம் மகளுக்காகப் பாடுகிறேன்" என்றார் அடியார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையிலிருந்தே நெஞ்சுக்குள் கிடந்தது போல வந்தது பாட்டு.

வருவோரை வரவேற்று வாயிலிலே நிறுத்தி
ஒருவேளைச் சோறின்றி உரைபலவும் நிகழ்த்தித்
திருவிளக்கைப் பதினால்வர் ஏற்றுகின்ற சபையே
பெருமானும் பசித்திருந்து பின்கதவால் போனான்.

சீடர்கள் திரும்பிப் பாடினார்கள். கல் செதுக்குகிறவனும் பாடினான். சுபாஸ்கரன் சிரித்துவிட்டார். பிறகுதான் மண்டபம் நினைவுக்கு வந்தது.

"ஐயா, இதுக்கு அவை மண்டபம் தரமாட்டினமே."

"கேட்டது பாட்டுத்தானே?" என்றார் நடையறாதார். "தந்துவிட்டேன்."

லண்டனுக்குத் திரும்பி, கோயில் வாசலுக்குக் கால் இழுத்து இழுத்துப் போனார். இந்த முறை சபையே இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. பதின்மூன்று நூற்றாண்டு இந்தப் பாட்டைக் கேட்ட சமயத்தில் எவன் ஒலிவாங்கியைப் பிடிக்கத் துணிவான்?

வாசலில் இருபதடி நீளத்தில் பலகை மின்னியது. 'பாடல் பெற்ற நிர்வாக சபை.'

விஜயரத்தினம் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கண்ணில் ஆனந்தக் கண்ணீர். பன்னிரண்டாவது பாட்டு எப்போதும் இருந்துவந்தது என்றும், அதன் ஆண்டுவிழாவுக்கு சுபாஸ்கரன் நேரத்தோடு வந்தது பெருமை என்றும் சொன்னார்.

"'சபையே' எண்டு விளிச்சிருக்கிறார் பாத்தீரே தம்பி? பாடல் பெற்ற தலங்கள் இருநூற்றுச் சொச்சம். பாடல் பெற்ற சபை உலகத்தில இது ஒண்டுதான்!"

நிசாந்தன் உரை நூல் எழுதி வைத்திருந்தார். 'வாயிலிலே நிறுத்தி' என்றது பாதுகாப்பு ஏற்பாட்டை. 'சோறின்றி' என்றது சபையார் அனுட்டித்த உபவாசத்தை. 'பெருமானும் பசித்திருந்து' என்றதால் இறைவனும் சபையோடு சேர்ந்து விரதமிருந்தது பெறப்படும்.

"பின்கதவு?" என்று கேட்டார் சுபாஸ்கரன்.

"தீயணைப்பு விதி" என்றார் மெய்யப்பன். "எட்டாம் நூற்றாண்டுலயே நம்ம சபை அவசர வழி வச்சிருந்துச்சு. கவுன்சில்ல வேற யாருகிட்ட இப்படி ஆதாரம் இருக்கு?"

மண்டபம்? பாடல் பெற்ற சபைக்கு வாரம் மூன்று பாராட்டு விழா நடப்பதால், மண்டபம் கலியாணங்களுக்குக் கொடுபடுவது நிறுத்தப்பட்டிருந்தது. கடிதத்தின் சிறிய எழுத்தை மெய்யப்பன் விரல் வைத்துக் காட்டினார்.

சுபாஸ்கரன் கத்தவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் கிடந்த கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் வெளியே வந்தார். பிறகு பக்கத்து வளவுக்குள் போனார். யாத்திரிகர்களின் வரிசைக்கு நடுவே மேரிறோஸ் ஒரு வானை உயர்த்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அண்ணை" என்றாள். "நான் மாதா கோயிலில ஞாயிறு பூசைக்குப் போற ஆள். இஞ்ச சனம் வந்து கும்பிடுது. வாறவையைக் கலைக்க ஏலுமே? தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன்."

சுபாஸ்கரன் கலியாண விடயத்தைச் சொன்னார். அவள் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தாள்.

"இருபத்திரண்டு சனிக்கிழமை. அரை நாள் கடையைப் பூட்டினால் சரி. அந்தக் கார் தூக்குற லிப்டைக் கீழ இறக்கிவிட்டால் மணவறை வைக்கலாம். மழை பெய்தாலும் கூரை இருக்கு. வையுங்கோ அண்ணை."

ஓகஸ்ட் இருபத்திரண்டு மழை பெய்தது. கூரை ஒழுகவில்லை. குருக்கள் பாடல் பெற்ற தலத்தில் கலியாணம் செய்துவைப்பது பாக்கியம் என்று சொல்லி வந்தார். மயூரா கூறைச் சேலையோடு டயரை மிதித்தாள். ரவீன் அவளுடைய காலைப் பிடித்து வைத்தான். அவனுடைய தகப்பன், நெடுந்தூரப் பயணம் செய்து வந்த மனுசன், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சலரோகக்காரர், தன் மருந்துப் பையை மடியில் வைத்தபடி முன்வரிசையில் இருந்தார். தாலி ஏறியபோது நாகேஸ்வரி அழுதாள். சுபாஸ்கரன் அழவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

பந்தி தொடங்க வேண்டிய நேரத்தில் பாடல் பெற்ற நிர்வாக சபை ஏழு பேராக வந்து சேர்ந்தது. விஜயரத்தினம் ஒலிவாங்கியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"ஐஞ்சு நிமிசம் தம்பி. வாழ்த்தாமல் போனால் சபைக்கு அழகில்லை."

முதலில் பன்னிரண்டாவது பாட்டை ராகத்தோடு பாடினார். 'உரைபலவும் நிகழ்த்தி' என்ற இடத்தை மூன்று தரம் பாடினார். பிறகு அதற்கு விளக்கம். பெற்றோல் நிலையத்தில் பம்ப் பிடித்த காலத்துக்கு வந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் சிணுங்கினார்கள். ரவீனின் தகப்பனின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே பைக்குள் இனிப்பு ஏதும் கிடக்கிறதா என்று தடவினார்.

சுபாஸ்கரன் அதைக் கண்டார். ஐம்பத்து நாலு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் குரலை உயர்த்தாதவர், அடுக்கிய டயர்களின் மேல் ஏறி நின்றார்.

"பந்தி போட்டாச்சு! எல்லாரும் சாப்பிட வாங்கோ!"

தலைவர் வசனத்தின் நடுவில் இருந்தார். இருநூறு பேர் ஒன்றாக எழும்பிய சத்தத்தில் அந்த வசனம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேரிறோஸ் சம்பந்தியைக் கைபிடித்து முதல் இலையில் இருத்தினாள். வரிசையில் மெய்யப்பன் நின்றார். எந்த விதியும் சொல்லவில்லை. நிசாந்தன் அவருக்கு முன்னால் நின்றார்.

விஜயரத்தினம் வெறும் நாற்காலிகளைப் பார்த்து இன்னும் இரண்டு நிமிடம் பேசினார். பிறகு ஒலிவாங்கியை அணைத்தார். சுற்றிப் பார்த்தார். இரண்டாவது இலை வரிசையில், பஞ்சர் ஒட்ட வந்து கலியாணச் சாப்பாட்டுக்கு நின்றுவிட்ட ஒருவனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்தார். நாகேஸ்வரி சோற்று வாளியோடு வந்தாள்.

"தங்கச்சி, நான் சொல்ல வந்தது என்னெண்டால்..."

"கத்தரிக்காய்க் குழம்பு விடட்டே அண்ணை?"

அவர் இலையைப் பார்த்தார். ஆவி பறந்தது. காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"விடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு, மோருக்குக் கை நீட்டும் வரை, அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.